எட்டுப் பேரல் டீசலுடன் திருத்துறைப்பூண்டிக்கு

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் திருச்சியிலிருந்து லாரியில் கிளம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அக்கா கமலா, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். புயலுக்கு முந்தின நாள் பேசியதோடு சரி. அதன் பிறகு போன் போகவே இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் மகனும் ஊர்ப் பையன்களும் சேர்ந்து, குடிதண்ணீர்த் தொட்டி மோட்டாரை ஓட்ட ஒரு ஜெனரேட்டருக்கும் டீசலுக்கும் ஏற்பாடு செய்தார்கள். கொண்டுபோய் ஒப்படைக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். "சித்தி, நீங்க போறீங்களா?" என்றான். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். இப்படி ஒரு சமயத்தில் டெல்டாவுக்குள் சொந்தபந்தங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கிராமத்தின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. காரணம் படிக்கும்போது புரியும்.

சாதாரண நாளில் இந்தப் பயணம் நடந்தே இருக்காது. பேரலில் டீசல் நிரப்பி, திறந்த லாரியில் ஏற்றி, நூற்றிருபது கிலோமீட்டர் போக நினைத்தால் முதல் செக்போஸ்டிலேயே ஓரங்கட்டிவிடுவார்கள். ஆனால் டெல்டாவில் பங்க்குகள் வறண்டு கிடந்தன. டேங்கர்கள் போதவில்லை, பெரிய டேங்கர்கள் திரும்ப முடியாத அளவுக்கு மரங்கள் விழுந்து சாலைகள் சுருங்கியிருந்தன. அதனால் புயல் அடித்த தாலுகாக்களுக்கு மட்டும் கொஞ்ச நாளைக்கு விதிகளைத் தளர்த்தியிருந்தார்கள். சரக்கு லாரியிலும் டீசல் பேரல் ஏற்றலாம். பகலிலும் கனரக வண்டி ஊருக்குள் நுழையலாம். டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அனுமதிச் சீட்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் போதும்.

எங்கள் டிரைவர் நசீர் பாய், கூத்தாநல்லூர்க்காரர். சவூதியில் பல வருடம் டேங்கர் ஓட்டிவிட்டு, சொந்தமாக லாரி வாங்கி ஓட்டுகிறார். புயல் அடித்ததிலிருந்து நிவாரணச் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறார். தஞ்சாவூர் வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு தொந்தரவும் இல்லை. வடுவூரைத் தாண்டியதும் காட்சி மாறியது. சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன, சம்பா வயல்கள் ஏரி மாதிரி நின்றன. எதிரெதிர்க் கட்சிகளின் கொடிக்கம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்ததையும் பார்த்தேன். அந்த ஒற்றுமையை வேறு எப்போதும் பார்த்ததில்லை.

மன்னார்குடியில் பாய் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "ஒரு மணி நேரம் தூங்கிக்கிறேன் டீச்சர்."

அக்கா ஊருக்குப் போய்ச் சேரும் அவசரம் எனக்கு. "நிக்காம ஓட்டலாம்னுதான் இப்ப அனுமதி இருக்கே பாய்?"

"சட்டத்தத் தளர்த்திட்டாங்க. தூக்கத்த யாரு தளர்த்துறது? பின்னால இருக்கிறது டீசல்." ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவர் அடுத்த நிமிடமே தூங்கிவிட்டார். நான் கோபத்தோடு இறங்கி, ஒரு கடையில் கடுங்காப்பி குடித்தேன். ஊரில் எங்கேயும் பால் இல்லை.

திருத்துறைப்பூண்டியைத் தாண்டி, அக்கா ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சாலை மறியல். பெண்கள் காலிக் குடங்களோடு நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தார்.

"வண்டி எங்க போவுது?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அதானே பாத்தேன். எது வந்தாலும் அங்கதான் போவும். எங்க தெரு யாரு கண்ணுக்கும் தெரியாது."

பின்னாலிருந்து யாரோ, "வசந்தா, வண்டிய விடாத" என்று கத்தினார்கள். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். என் அத்தான் குடும்பத்திடமிருந்து உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தை, அதில் கூலிவேலை செய்துவந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டா செல்லாது என்று அத்தான் கோர்ட்டுக்குப் போனார். எதிர்த்து நின்று கேஸ் நடத்துகிறவர் இந்த வசந்தா. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஏசாமல் யாரும் சொன்னதில்லை.

"டீசல் கேக்கல" என்றார் வசந்தா. "அந்த ஜெனரேட்டர வச்சு எங்க மோட்டார ஒரு தடவ ஓட்டி, தொட்டிய ரொப்பிக் குடுங்க. புள்ளைங்க வாய்க்கால் தண்ணியக் குடிச்சிட்டு வயித்தால போவுதுங்க."

பாய் என்னைப் பார்த்தார். "வண்டி போறதுக்குத்தான் சீட்டு. தண்ணி யாருக்குன்னு அதுல போடல. நீங்க சொல்லுங்க டீச்சர்."

எனக்கு அக்கா முகம்தான் கண்ணில் நின்றது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. ஆனாலும் அந்தக் குடங்களைத் தாண்டி வண்டியை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. யாரென்று சொல்லாமல் உதவி செய்வதும் சரியாகப் படவில்லை.

"நான் கமலாவோட தங்கச்சி" என்றேன்.

வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியும். மோட்டார் எங்க இருக்கு?"

தொட்டி நிறைய ஒன்றரை மணி நேரம் ஆனது. கிளம்பும்போது வசந்தாவும் ஆறு ஆண்களும் கோடாலி, கயிறோடு லாரியில் ஏறினார்கள். "கமலா நல்லாத்தான் இருக்காங்க, நேத்து பாத்தேன்" என்று என்னிடம் சொன்னார். "ஆனா நீங்க தனியாப் போய்ச் சேர முடியாது. வளைவுல தென்ன சாஞ்சு கெடக்கு." போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, ஐந்து மரங்கள். அவர்கள் வெட்ட வெட்ட, பாய் கயிறு கட்டி லாரியால் இழுத்துப் போட்டார்.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். ஓடு பறந்த வீட்டிலிருந்து அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தான் லாரியிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மோட்டார் ஓடித் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

"சாப்பாடு இருக்கட்டுங்க" என்றார் வசந்தா. "கேஸ வாபஸ் வாங்குங்க."

"அது வேற, இது வேற."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க." கோடாலிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்பினார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விதி தளர்ந்திருந்தாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஏடிஎம் எதுவும் வேலை செய்யாது, கையில் சில்லறை வேண்டும். டிரைவர் தூங்க வேண்டும் என்றால் தூங்க விடுங்கள். பாய் தூங்கி எழுந்ததால்தான் அந்த வளைவில் பேரல்களோடு அவ்வளவு நிதானமாக வண்டியைக் கையாள முடிந்தது. முக்கியமாக, வழியில் நிறுத்துவதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் ஊருக்கு முன்னால் இருக்கும் ஊருக்கும் தாகம் எடுக்கும்.

மறுநாள் விடிந்ததும் அக்கா, இரவு லாரியிலேயே படுத்திருந்த பாயிடம் போய், "ஜெனரேட்டரத் தெனமும் காலையில வசந்தா தெருவுக்குக் கொண்டுபோங்க. சாயங்காலம் இங்க வரட்டும்" என்றாள். அத்தானைக் கேட்கவில்லை. அவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றார், காதில் விழுந்தது. தடுக்கவில்லை. கரண்ட் வரும்வரை அப்படித்தான் நடந்தது. கேஸ் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. இந்தத் தடவை வாய்தாவுக்கு அத்தான் கிளம்பியபோது, அக்கா அவருக்குச் சட்டை எடுத்து வைக்கவில்லை.