கார்டுக்கு முன் கிளம்பியவன்

தங்கவயலிலிருந்து வேன் பிடித்து என்னை வழியனுப்ப பெங்களூரு விமான நிலையத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்: அப்பா, அம்மா, புதுமாப்பிள்ளையோடு தங்கை, மற்றவர்கள் அத்தை வீட்டார். இல்லாதவள் என் மனைவி கலா. டொரொண்டோவில் நிறைமாதமாக இருக்கிறாள். தங்கை கல்யாணத்துக்காக, நிரந்தரவாசி கார்டு தபாலில் வருமுன்பே நான் மட்டும் கிளம்பி வந்திருக்கிறேன்.

கவுன்ட்டர் பெண் என் குடியேற்றக் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். கசங்கக் கூடாதென்று அப்பா லேமினேஷன் போட்டுத் தந்தது.

"கார்டு எங்க சார்?"

"இன்னும் வரலைங்க மேடம். இதுதான் இருக்கு."

"இது மொதல் தடவ உள்ள போறதுக்கு. நீங்கதான் போய் இறங்கிட்டீங்களே! இப்ப கார்டு வேணும், இல்லாட்டி கனடாக்காரங்க குடுக்குற டிராவல் டாக்குமென்ட் வேணும். ஏத்த ஆகாது சார்."

பெட்டிகளோடு வெளியே வருகிறேன். விமானம் மேலே ஏறும்வரை கலையக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எல்லோரும் புளிசாதம் தின்றபடி நிற்கிறார்கள்.

"இன்னாடா, அதுக்குள்ள கனடா போய்ட்டு வந்துட்டியா?" என்கிறாள் அத்தை.

அப்பா தணிந்த குரலில் கேட்கிறார்: "லேமினேஷன் போட்டது தப்பாடா?"

"இல்லப்பா. அவங்க கேக்குறது வேற."

விண்ணப்பித்த பயண ஆவணம் கைக்கு வருமுன்பே டொரொண்டோவில் மகள் பிறந்துவிடுகிறாள். அவள் அழுவதைப் பத்துப் பேரும் ஒரே போனில் கேட்கிறோம். பிறகு அதே வேன், அதே ஒன்பது பேர். புது டிக்கெட், ஆவணக் கட்டணம், வேன் வாடகை எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.