மூக்கில் குடியிருந்த கிருமி

முட்டி மாற்று ஆபரேஷனுக்காகப் போன என் மூக்கில், பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுச் சுழற்றினார் நர்சு.

"முட்டி கீழ இருக்குதுங்க" என்றேன்.

"எல்லாருக்கும் எடுக்கிறதுதாம்மா, ஆடாம இருங்க" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். என் மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி) இருக்கிறதாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தினம் இரண்டு வேளை குளிப்பவள் நான்!

"அழுக்குன்னு சொல்லலைங்க. பல பேர் மூக்குல சும்மா இருக்கும், ஒண்ணும் செய்யாது. முட்டியில வைக்கிற உலோகத்துல ஒட்டிக்கிச்சுன்னாதான் வெரட்டுறது கஷ்டம்" என்றார் டாக்டர். ஐந்து நாள் மூக்குக்குள் களிம்பு, கிருமிநாசினிக் குளியல், தினமும் துவைத்த துண்டு. பிறகு மறுபடி சோதனை.

என்னைக் கைபிடித்து நடக்கவைக்கவே குவைத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தான் மகன் அருள். இரண்டு வருடம் கழித்து வந்தவன் என் கன்னத்தில் முத்தமிடக் குனிந்தபோது, அவனுக்கும் ஒட்டிவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்னம்மா நீ" என்றான். அவன் முகம் சுண்டிப்போனது.

மறுசோதனையிலும் கிருமி இருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. அருளின் லீவில் பத்து நாள் போயே போய்விட்டது. அழுதேன். அழுது முடித்ததும் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. இவ்வளவு களிம்பையும் தாண்டி அது எந்த வழியாகத் திரும்பி வந்தது?

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கிண்ணங்களின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. தூசி இருந்தால் அங்கே மெருகு பிடிக்காது என்று மற்றவர்களை அதட்டுபவளும் நான்தான். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் களிம்பு போட்ட நாட்களிலும் போனேன். மண்தூள் ஏறாமலிருக்க மூக்கில் ஒரு துணி கட்டுவேன். மாலையில் அதை உதறிப் பையில் வைப்பேன். துவைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அந்தத் துணியை நர்சிடம் நீட்டினேன்.

"அய்யய்யோ, இதச் சொல்லவே இல்லையேம்மா!"

"நீங்க துண்டைத்தானங்க துவைக்கச் சொன்னீங்க."

அதுவாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். துணியைத் தூக்கிப் போட்டேன். வேலைக்கு லீவு சொன்னேன். மறுபடி ஐந்து நாள் களிம்பு. இம்முறை கிருமி இல்லை. உங்களுக்கும் இப்படிச் சொன்னால் வெட்கப்படாதீர்கள். மூக்கருகே போகும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்தபோது அருளுக்கு நான்கு நாள்தான் மிச்சம். மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அவன் கை என் முதுகைத் தாங்க, எட்டு அடி வைத்தேன். ஒரு மாதம் முழுவதும் அந்த எட்டு அடிக்குள் அடங்கிவிட்டது போலிருந்தது.

உடம்பு என்றால் நான் மட்டும்தான் என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் யார் யாரோ குடியிருக்கிறார்கள்.

"போயிட்டு வரேம்மா" என்று அருள் குனிந்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவன் மூக்கிலும் ஏதாவது இருக்கும்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.