திரைக்குப் பின்பக்கம்

கொடியில் விரித்த ஈர வேட்டியின் வாசத்தில் இன்று எங்கள் மாதா கோயில் மைதானம் திரும்பி வந்தது. எண்பதுகளில், மொரப்பூர் பக்கத்திலிருந்த அந்த மைதானத்தில், திருவிழா முடிந்த மறுநாள் பொழுது சாய்ந்ததும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்களும் பிள்ளைகளும். எங்களுக்கும் தெளிவாகத் தெரியட்டுமென்று துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், அந்த ஈர வாசமும் வறுத்த கடலை வாசமும் புரொஜக்டரின் கடகடப்புமாக மண்ணில் கிடப்போம்.

ஒரு வருஷம் வெளிநாட்டுப் போர்ப் படம். பாஷை யாருக்கும் புரியவில்லை. கோயில் உபதேசியார்தான் மைக்கில் சொன்னார்: “குழிக்குள்ள இருக்கற ரெண்டு பேர்ல எடது பக்கம் இருக்கறவன் நம்மாளு, வலது பக்கம் இருக்கறவன் எதிரி.” அவர் முன்பக்கம் நின்றிருந்தார். பின்னாலிருந்த எங்களுக்கு இடமும் வலமும் மாறித் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. குண்டடிபட்டவனின் தலையை மற்றவன் மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டியபோது, சாகிறவன் நம்மாள் என்றே நினைத்து எங்கள் பக்கம் முழுக்க அழுதது.

வீட்டுக்கு நடக்கையில், பட்டாளத்திலிருந்த தன் தம்பியை நினைத்துக்கொண்டு அம்மா அப்பாவிடம் சொன்னாள்: “எதிரின்னாலும் தண்ணி குடுத்தான் பாருங்க. நம்ம தம்பிக்கும் அப்படி ஒருத்தன் இல்லாமயா போயிடுவான்?”

முன்பக்கம் பார்த்த அப்பாவுக்குத் தெரியும், தண்ணீர் கொடுத்தவன்தான் நம்மாள் என்று. சொல்ல வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

இப்போது மைதானத்தில் மண்டபம் நிற்கிறது. அதன் சுவரில்தான் படம் போடுகிறார்கள். பின்னால் போய் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது.