மேசை மேல் ஒரு ஜப்பானிய மயானம்

வீட்டுக்குள் சுடலை கட்டுகிற பொம்பிளை என்று என் கணவர் எனக்குப் பெயர் வைத்தார். வைத்தால் வைக்கட்டும். நான் கட்டியது, ஜப்பானில் என் மகன் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற மயானம். எங்கள் முன் அறை மேசையில், சின்ன ரயில் ஓடும் பாதையின் ஓரமாக, சுண்டுவிரல் நக உயரக் கற்களால் கட்டினேன்.

அந்த ரயிலை அனுப்பியவன் மகன்தான். நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அம்மா பொழுது போகாமல் அப்பாவோடு சண்டை பிடிப்பா என்று நினைத்தானோ என்னவோ, தண்டவாளத்தோடு ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினான். ஒரு ரயில் பெட்டி இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். நான் காலமெல்லாம் பல் கட்டியவள். செயற்கைப் பற்களை அச்சில் வார்த்து, அராவி, நிறம் பார்த்து அடுக்கிய கைக்கு அந்த அளவுகள் உடனே பிடித்துப்போயின.

ஏதோ ஓர் ஊரைக் கட்டுவதை விட அவனுடைய ஊரையே கட்டுவது என்று முடிவெடுத்தேன். அவன் எப்படி இருக்கிறான் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டால் “நல்லா இருக்கிறன் அம்மா” என்பான். அங்கே போன நாளிலிருந்து அதே வசனம். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை காலத்துக்குச் சமாளிப்பது? வாயால் சொல்லாததைக் கையால் செய்தாவது பார்த்துவிடுகிறேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

கைபேசியில் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தை விரித்து வைத்து வேலையைத் தொடங்கினேன். ஸ்டேசன் வந்தது, கடைத்தெரு வந்தது, அவனுடைய மூன்று மாடிக் கட்டடமும் வந்தது. தன்னுடைய யன்னலுக்கு நேரே ஒரு பூங்கா என்று அவன் சொல்லியிருந்தான். பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாக இருந்தன. வாகனம் நிறுத்தும் இடமாக்கும் என்று நினைத்தேன். பெருப்பித்துப் பார்த்தால் அத்தனையும் கல்லறைகள்.

அன்றைக்கே கேட்டேன்.

“அதை விடுங்கோ அம்மா. பாக் எண்டே செய்யுங்கோ. புல்லைப் போட்டு நாலு மரத்தை நட்டா வடிவா இருக்கும்” என்றான்.

“இருக்கிறதைத்தான் செய்வன்” என்றேன். அவன் அவசரமாக வேறு கதைக்குப் போனான். இடத்தைப் பற்றியே பொய் சொல்கிறவன் வேறு எதையெல்லாம் மறைக்கிறானோ?

பல் வார்க்கும் பிளாஸ்டரில் கற்களை வார்த்தேன். அகலமான அடிக்கல், அதன் மேல் சிறியதொன்று, அதற்கு மேல் நிமிர்ந்த தூண். எழுத்து வெட்ட அந்த அளவில் ஏலாது. ஊசி நுனியால் கோடு மட்டும் இழுத்தேன். கற்களுக்குப் பின்னால் ஜப்பானியர் நட்டு வைக்கும் ஒடுக்கமான பலகைகளுக்குத் தென்னை ஈர்க்குச் சிராய் உதவியது. கணவர் மேசையைக் கடக்கும்போதெல்லாம் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். தலையிலும் ஒரு வாளி ஊற்றுங்கோவன் என்றால் முறைத்தார்.

“அந்தக் காலத்தில ஜப்பான்காரர் எங்கட துறைமுகத்துக்குக் குண்டு போட்டவங்கள். அவங்கட செத்த ஆக்களுக்கு எங்கட ஹோல்ல சேமக்காலையோ?”

“குண்டு போட்டவங்களை விடுங்கோ. உங்கட பிள்ளை அதுக்குப் பக்கத்திலதான் படுத்தெழும்புறான்.”

கல்லறைகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகளுக்குப் புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலை அரித்துப் போட்டேன். நல்ல வடிவாக இருந்தது. ரயில் இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாம் சுற்றில் மயானத்துக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது.

“பாத்தீரோ? கோச்சி சுடலையில நிண்டு போச்சு. நான் அப்பவே சொன்னனான்” என்று கணவர் கதிரையை விட்டு எழுந்தே வந்தார்.

எஞ்சினைக் கவிழ்த்துத் திறந்தேன். மோட்டாரின் காந்தம் முழுக்க மணல். அந்த மணல் காந்தத்தில் ஒட்டும் என்பது கடற்கரையில் காந்தத்தை வைத்துக்கொண்டு விளையாடித் திரிந்த எனக்கே நினைவுக்கு வராமல் போய்விட்டது. என் மடத்தனத்தை நானே திட்டிக்கொண்டு முழுவதையும் சுரண்டி எடுத்தேன். சாதாரண மணலில் கரித்தூளைக் கலந்து மறுபடி போட்டேன். ரயில் ஓடியது. கணவர் மட்டும் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கட்டைபறிச்சானிலிருந்து மகனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணும் தாயும் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் கணவர் பச்சை நிறப் புல் விரிப்போடு என் முன்னால் நின்றார்.

“இதை மேலால போட்டு மூடும். பாக் எண்டு சொல்லுவம்.”

“மூட ஏலாது. கலியாணம் முடிச்சு அங்க போற பிள்ளை அந்த யன்னலைத் திறக்கத்தானே போகுது?”

வந்தார்கள். பெண் அடக்கமான பிள்ளை, குனிந்து ரயிலை ஆசையாகப் பார்த்தாள். தாய் கற்களைக் காட்டிக் கேட்டார்.

“இது என்னக்கா, கோயிலோ?”

“இல்லைத் தங்கச்சி. சேமக்காலை. இந்தா, இந்த மேல்மாடியிலதான் மகன் இருக்கிறார்.”

“கடற்கரைப் பக்கம் கொம்பனி வீடு எண்டெல்லோ தரகர் சொன்னவர்?”

கணவர் கூரை முகட்டைப் பார்த்தார். தேத்தண்ணி பாதியில் ஆறியது. முடிவைப் பிறகு சொல்லுறம் என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் அந்தப் பெண் ஒருமுறை மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பொய்யைக் காட்டி ஒரு பிள்ளையை விமானம் ஏற்றிவிட நான் தயாராக இல்லை.

கணவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். மகனுக்கும் செய்தி போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது குரலிலேயே கோபம் தெரிந்தது.

“ஏனம்மா காட்டினீங்கள்?”

“நீ ஏன் எனக்குப் பொய் சொன்னனீ?”

அதற்குப் பிறகுதான் சொன்னான். முதல் வேலை போய்விட்டதாம். இப்போது சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் இரவு வேலை. மயானத்துப் பக்கத்து அறைகளை அங்கேயும் பலர் விரும்புவதில்லை, அதனால் வாடகை குறைவு.

“சொன்னா அழுவீங்கள் எண்டு சொல்லேல்லை.”

“நான் அழேல்லை. இருந்து கல்லு வார்த்தனான். பார்.”

கைபேசியைத் திருப்பி மேசை மேல் வரிசை வரிசையாகக் கொண்டுபோனேன்.

“அப்பிடியே செய்திருக்கிறீங்கள்” என்றான். “ஒண்டைத்தான் விட்டிட்டீங்கள். வாசலடியில ஒரு தண்ணிப் பைப் இருக்கு. வாளியும் அகப்பையும் வச்சிருப்பினம். சனம் தண்ணி அள்ளிக்கொண்டு போய்க் கல்லைக் கழுவும்.”

“மேலயிருந்து பாக்கேக்க தெரியேல்லை ராசா.”

“மரத்துக்குக் கீழ இருக்கு.” என்றான். “லீவு நாளில நான் அதிலதான் போய் நிக்கிறனான்.”

“ஏன்?”

“வாளி தூக்க ஏலாத வயசான ஆக்கள் வருவினம். தூக்கிக் குடுத்தா ரெண்டு வார்த்தை கதைப்பினம். மற்றும்படி என்னோட ஆரும் கதைக்கிறேல்லை அம்மா.”

இத்தனை காலமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கிடைத்ததும் தாங்க முடியவில்லை. இனி எனக்குப் பொய் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். ஓம் என்றான். குசினி வாசலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

உடனேயே உட்கார்ந்தேன். ஒரு குண்டூசியை வளைத்துக் குழாயைச் செய்து, வாசல் மரத்துக்குக் கீழ் ஒட்டினேன். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கால் கழுவப் போகவில்லை. ஸ்டேசனில் வைப்பதற்கென்று ரயிலோடு வந்த சின்னப் பொம்மை மனிதர்களில் ஒருவனை எடுத்துக் குழாயடியில் நிறுத்தினார்.

நான் அந்தப் பொம்மையைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டேன்.

“அவன் அதில தனிய நிக்கிறதை இந்த மேசையில வைக்க விடமாட்டன்” என்றேன். “வெளிய போற சட்டையைப் போடுங்கோ. எங்கட ரெண்டு பேருக்கும் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போவம்.”