நடுக்கடலில் வந்த தட்டான்கள்

கப்பலில் சமைக்கிறவனுக்கு உப்பு தீர்ந்தாலும் தீரும், ஊர் நினைப்பு தீராது. வெளியூரில் கரண்டி பிடித்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

வழியனுப்பு விருந்து

ஐப்பசியில் ஆப்பிரிக்காவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்தோம். கொழும்பில் எனக்குப் பதிலாள் ஏறுவார். நான் திண்டுக்கல் பக்கம் என் ஊரான எரியோட்டுக்குப் போய், நான் கப்பலேறிய மறுமாதம் பிறந்த மகளை முதன்முதலாகத் தூக்கலாம். அவள் நடப்பதற்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒருநாள் காலையில் சமையலறை வாசலெங்கும் தட்டான்கள். எங்கள் ஊரில் தட்டான் கூட்டமாகப் பறந்தால் பக்கத்தில் குளம் இருக்கும். அதே கணக்கில் கரை வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பெட்டியைக் கட்டி, மிச்சமிருந்த ஆட்டுக்கறி மொத்தத்தையும் பிரியாணியில் போட்டுவிட்டேன். மேல்தளத்து வேலையாட்களின் தலைவர், தூத்துக்குடி அந்தோணி அண்ணன், ஏப்பம் விட்டுவிட்டுக் கேட்டார்: “ஏல திண்டுக்கல்லு, கரைக்கு இன்னும் மூணு நாளு கெடக்கு. நாளைக்குத் தட்டானப் பொரிச்சா தருவ?”

வாளிக்குள் ஒருத்தன்

மறுநாள் இன்ஜின் பழுதாகிக் கப்பல் நின்றது. நான் மகளைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே திரிந்தேன். அண்ணன் வாளியில் கயிறு கட்டி மொண்ட கடல்நீரில் மிளகளவு பூச்சி ஒன்று நீர்மேலேயே ஓடியது. எங்கள் கிணற்றில் ஓடுமே, அதன் பங்காளி. கரையிலிருந்து வழிதவறி வந்துவிட்டது போல, பாவம் என்றேன். அண்ணன் வாளியைக் கடலில் கவிழ்த்தார்: “அதுக்குப் பொறப்பும் சாவும் இங்கனதாம்ல. ஒன்ன மாதிரி பொலம்பிக்கிட்டா திரியுது?”

கொழும்பு

இன்ஜினைச் சரிசெய்து கொழும்பு சேர்ந்தால், பதிலாள் வரவில்லை. விசா கிடைக்கவில்லையாம், அவர் ஏறக்கூடிய அடுத்த துறைமுகத்துக்கு ஒரு மாதம். கட்டிய பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அழுதேன், வெங்காயம் அரியாமலே.

மனைவி செல்வியிடம் போனில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தட்டான் கதையில் ஆரம்பித்தேன். அவை நம் நாட்டிலிருந்து காற்றோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவையாம்; போனது திரும்புவதில்லை, அதன் பிள்ளைகள்தான் திரும்புமாம். இதெல்லாம் கப்பல் அதிகாரி ஒருவர் சொன்னது. பிறகு விஷயத்தைச் சொன்னேன். செல்வி சொன்னாள்: “ஒங்க மக இப்பத்தான் செவுத்தப் பிடிச்சு நிக்கிறா. நடக்கப் பழகட்டும், அவளையே அனுப்பி ஒங்களக் கூட்டிட்டு வரச் சொல்றேன்.”

ஆக, கடலைத் தாண்டத் தட்டானுக்குச் சிறகு போதும், எரியோட்டுக்காரனுக்கு மட்டும் பதிலாள் வேண்டும்.