ஞாயிற்றுக்கிழமை கடல் கடந்த எருது

டோர்க்கிலின் எருதுகளைப் பற்றி நான் சொன்னதில் பாதியைக்கூட இந்தத் தீவில் யாரும் நம்பியதில்லை. மொலாக் என்ற எருதின் இரண்டு கொம்புக்கும் நடுவே கயிறு கட்டினால் ஒரு வீட்டுத் துணி முழுவதையும் காயப்போடலாம் என்றேன். பொய்தான், ஒரு போர்வைக்கு மேல் இடம் இருக்காது. அதன் நெற்றிச் சடைக்குள் ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பறந்தே போய்விட்டது, எருதுக்குத் தெரியாது என்றேன். அதுவும் கொஞ்சம் கூடுதல். இனிச் சொல்லப்போவதில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

டோர்க்கில் வடமுனையில் ஒன்பது பசுக்களோடு தனியாக இருந்தவர். தேவாலயத்தில் மூப்பர், சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். வேதாகமச் சங்கீதத்தின் ஒவ்வொரு வரியையும் முதலில் அவர் எடுத்துக் கொடுப்பார். பிறகுதான் நாங்கள் பாடுவோம். ஆண்டுக்கு ஓர் எருதை அக்கரைக்கு அனுப்புவார். வெட்டிப் பொட்டலம் கட்டி வந்த இறைச்சியைப் பழைய தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொடுப்பார். யாரிடமும் ஒரு பென்னி வாங்கியதில்லை. "பசிச்ச வாய்க்குப் போனாத்தான் அது வாழ்ந்ததுக்கு அர்த்தம்" என்பார்.

மாடுகளுக்கு மூளை கெடும் நோய் வந்து நாடே நடுங்கிய காலம் அது. முப்பது மாதம் தாண்டிய மாட்டை யாரும் உண்ணக்கூடாது, எரித்துவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. தாழ்நிலத்து மாட்டுக்கு அதில் கவலையில்லை. கொட்டகையில் தின்று இரண்டு வயதுக்குள் பெருத்துவிடும். கூரையில்லாமல் மழையில் நின்று, பனிக்காலத்தில் கரையோரக் கடற்பாசியை மென்று வளரும் எங்கள் மலைமாட்டுக்கு மூன்று வயதாகாமல் விலா எலும்பு மறையாது. முந்தின ஆண்டு டோர்க்கிலின் எருது ஒன்று நாள் தாண்டிவிட்டதால் எரிக்கப்பட்டது. அரசு பணம் அனுப்பியது. கடிதத்தை அவர் பிரிக்கக்கூட இல்லை. "விறகாடி வளர்த்தேன்?" என்று பசுவிடம் கேட்டுக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

மொலாக்குக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதே அந்த ஆண்டு முழுக்க அவருடைய ஒரே எண்ணம். அக்டோபர் பத்தொன்பது, திங்கட்கிழமையோடு அதற்கு முப்பது மாதம் முடிகிறது. இன்னும் ஒரு வாரம் மேயட்டும், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் சனிக்கிழமைக் கப்பலுக்குச் சொல்லி வைத்தார். திங்கள் விடியற்காலை அக்கரையில் வெட்டு.

சனிக்கிழமை அடித்த காற்றில் என் கொடியிலிருந்து போன படுக்கைவிரிப்பு இன்றுவரை வரவில்லை. கப்பலும் வரவில்லை. அடுத்த கப்பல் திங்கட்கிழமை மதியம்தான் அக்கரை சேரும். அதற்குள் அன்றைய வெட்டு முடிந்திருக்கும்.

ஆட்டுப் படகு ஓட்டும் யாக்கன் அன்று மாலை வேலியருகே வந்தான். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"மூப்பரே, நாளைக்குக் காத்து அடங்கிடும். என் படகுல ஏத்திருவோம்."

"நாளைக்கு ஓய்வுநாள். கர்த்தரோட நாள்ல வேலை செய்யக் கூடாது."

"எனக்குப் பாவம் ஒண்ணும் புதுசில்லை. ஏற்கெனவே மூட்டை கட்டி வெச்சிருக்கேன், மேல ஒண்ணு போட்டா தெரியவா போகுது?"

"உன் மூட்டையை நீ சும. என்னை இழுக்காதே."

"குழியில விழுந்த மாட்டை ஓய்வுநாள்ல தூக்கலாம்னு போதகரே சொல்றாரே? நெருப்புக்குழி மட்டும் குழியில்லையா?"

டோர்க்கில் மொலாக்கின் சடையிலிருந்து முட்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பொறந்த தேதியைச் சீட்டுல ரெண்டு நாள் தள்ளி எழுதியிருந்தா இந்தத் தொல்லையே இல்லை, டோர்க்கில்."

"எழுதியிருக்கலாம், டீச்சரம்மா. நீ எழுதியிருந்தா அது இன்னும் பொறந்தே இருக்காது."

மறுநாள் கடல் பால் போலக் கிடந்தது. தேவாலயத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். சங்கீத எண்ணைச் சொல்லிவிட்டுப் போதகர் முன்வரிசையைப் பார்த்தார். டோர்க்கிலின் இடம் காலி. வரி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. யாரும் இருமக்கூட இல்லை. அந்த அமைதியில் கீழே துறையிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. கடல் பக்கத்து ஜன்னலின் இடது ஓரத்தில் இரண்டு கொம்புகள் தோன்றின. மெதுவாக, கண்ணாடி நீளத்துக்கும் ஊர்ந்து, வலது ஓரத்தில் மறைந்தன. பக்கத்தில் தொப்பி இல்லாத ஒரு தலை. திரும்பிப் பார்க்காதவர் யாரும் இல்லை. பார்த்ததாகக் காட்டிக்கொண்டவரும் யாரும் இல்லை.

திங்கட்கிழமை விடியலில் மொலாக் வெட்டப்பட்டது. எரியவில்லை.

வெள்ளிக்கிழமை இறைச்சி வந்தது. டோர்க்கில் வழக்கம்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். முதல் வீடு பெய்கியுடையது.

"ஐயோ, மூப்பரே, டாக்டர் இறைச்சியே கூடாதுன்னுட்டார்."

அவள் அடுப்பில் ஆட்டுத்தலை வெந்துகொண்டிருந்தது. வாசனை வாசல்வரை வந்தது.

அடுத்த வீட்டில் ஃப்ரீசரில் இடமில்லை. அதற்கடுத்த வீட்டில் திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. ஒருவர்கூட ஓய்வுநாள் என்ற சொல்லை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் பதிலாவது சொல்லியிருப்பார். யாக்கன் மட்டும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, "பாவம் இவ்வளவு ருசியா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே இன்னும் செஞ்சிருப்பேனே" என்று சிரித்தான். டோர்க்கில் சிரிக்கவில்லை.

நான் வாங்கிக்கொண்டேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோய் ஃப்ரீசரின் அடியில், மீனுக்குக் கீழே தள்ளினேன்.

அவரை யாரும் பதவியிலிருந்து நீக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவராகவே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முன்னால் வேறொருவர் வரி எடுத்தார். அந்தக் குரலுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. டோர்க்கில் உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை.

மொலாக்கை அவரே தின்றார். எழுபது வயதில், கீழ்வரிசைப் பல் நான்கை வைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க, தினமும். வீணாக்க மனம் வரவில்லை. மார்ச்சில் பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. அவ்வளவு தின்றும் ஏன் இளைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. மே மாதம் பசுக்கள் ஒன்பதையும் விற்றுவிட்டார்.

அவை போன அன்று காலி வேலியருகே அவரைப் பார்த்தேன். எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"நீ குடுத்த கறி, டோர்க்கில்! பார்லியும் வெங்காயமும் போட்டு மூணு மணி நேரம் வேகவெச்சேன். நெஞ்சுக்கறி வெண்ணெயா உருகிருச்சு."

"சந்தோஷம்" என்றார். வேலிக்கதவைச் சாத்தினார், உள்ளே ஒன்றும் இல்லாதபோதும் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைக் கிண்டினேன். பொட்டலத்தின் பனியைத் துடைத்தபோது அவர் கையெழுத்து தெரிந்தது: பின்தொடை.

அன்று அதைச் சமைத்துத் தின்றேன். ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுத்தான்.