சீல்காரர் வீட்டு ஸ்பீக்கர்

"என் வாய்க்கு நானே சீல் வச்சாச்சு. இருபத்தெட்டு வருஷத்துல நான் வச்ச சீல் ஒண்ணுகூட உடைஞ்சதில்ல. போய்க் கேட்டுப் பாரு!"

மூன்று வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பெற்ற மகளைப் பார்த்துச் சீல்காரர் செய்த பிரகடனம் இது. யாரிடம் போய்க் கேட்பது என்று அவர் சொல்லவில்லை. மகளும் விசாரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

சீல்காரர் என்பது கடைத்தெரு வைத்த பெயர். எடை அளவு ஆபீஸில் வேலை பார்த்தவர். இன்ஸ்பெக்டர் தராசைச் சோதித்து "சரி" என்று தலையாட்டுவார். உடனே இவர் தராசின் பின்பக்கத்து ஆணிகள் வழியாக மெல்லிய கம்பியைக் கோத்து, நுனியில் ஈயப் பொட்டு வைத்து, குறடால் ஒரே நசுக்காக நசுக்குவார். அதற்கப்புறம் அந்தத் தராசை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் குற்றம். ஆக, திறக்கக் கூடாதபடி மூடுவது ஒன்றையே தொழிலாகக் கொண்டு ஒரு மனிதர் முப்பத்தொரு வருடம் கண்ணியமாகச் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

அவருடைய முகத்தைப் பற்றியும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். சந்தோஷம், துக்கம், பல்வலி மூன்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே முகம்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் பணி ஓய்வு பெற்றபோது, மாலையைப் போட்டுவிட்டு "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள். "நன்றி, வணக்கம்" என்று அளவு குறையாமல் இரண்டே வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தார். வருத்தமாக இருக்கிறதா என்று அன்று மாலை மனைவி கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. "இல்ல" என்றார்.

மகள் செய்த குற்றம் என்ன? பரீட்சை எழுதி, அதே ஆபீஸிலேயே நாற்காலி போட்ட வேலை கிடைத்து, பதினோரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து வந்துவிட்டாள். வேறொரு ஊரில் நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டிவிடும் கடையில் சேரப் போவதாகச் சொன்னாள்.

"நாய்க்கு முடி வெட்டவா உன்னைப் படிக்க வச்சேன்?"

"நாய் கடிச்சா ஊசி இருக்குப்பா. உங்க ஆபீஸ் கடிச்சா என்ன இருக்கு?"

இதற்குச் சீல்காரரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது மனிதர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார்: இனி மகளோடு பேசுவதில்லை என்று சபதம் போட்டார். அன்றைக்கே தன் பட்டன் போனிலிருந்து மகளுடைய எண்ணை அழித்தார்.

சபதத்தில் ஒரு சிறிய ஓட்டை இருந்தது. வாய்க்குத்தான் சீல், காதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கு மணிக்கு மகள் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவாள். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பேன்ட் ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, தொப்பை போட்டவர்களின் இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பது. "கை வேலையா இருக்குடி, ஸ்பீக்கர்ல போடறேன்" என்று போனை மேசைமேல் வைப்பாள். போட்டவுடன் தையல் மிஷினை நிறுத்திவிடுவாள். முன்னறையில் சீல்காரர் பேப்பர் படிப்பார். நான்கிலிருந்து நான்கரை வரை அந்தப் பேப்பரில் ஒரு பக்கமும் புரளாது. இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் எத்தனையோ கிழிந்து போயிருக்கின்றன. இது நூற்று அறுபது சொச்சம் ஞாயிறுகள் தாங்கியது.

பிறகு ஸ்பீக்கர் போய்விட்டது. முதல் வாரம் மகளின் குரல் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி கேட்டது. அடுத்த ஞாயிறு அந்த வண்டும் இல்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். முன்னறைக்குப் பாதிப் பேச்சுத்தான் வந்து சேர்ந்தது.

"ஐயோ! எப்போ? ... ஆழமாவா? ... கூட யாருடி இருந்தா? ... சரி, சரி. நீ அழாத."

நான்கரைக்குப் போனை வைத்துவிட்டு மனைவி மிஷினை ஓட்டத் தொடங்கினாள். கேட்டால் சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று இவர் காத்திருந்தார். இப்படியே திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. சீல்காரருக்குக் கவலை ஏதும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டார், தூங்கினார், பல் தேய்த்தார். ஒரு நாள் இரண்டு முறை தேய்த்தார், முதல் முறை தேய்த்தது ஞாபகம் இல்லாமல். ஒரே ஒரு நிர்வாகச் சிக்கல்தான். 'ஆழம்' என்பது ஓர் அளவு. அளவைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லாமல் விடுவது அவர் வேலை பார்த்த இடத்தில் நடக்காது.

புதன்கிழமை வாயைத் திறந்தார்.

"உன் போன் சரியில்ல போலிருக்கே?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"ஸ்பீக்கர் வேலை செய்யலையே."

"காதுல வச்சா கேக்குதுங்க. எனக்கு எதுக்கு ஊருக்கே கேக்கற மாதிரி?"

"பழுதான பொருள் வீட்ல இருக்கறது எனக்குப் பிடிக்காது."

"அப்படியா? பாத்ரூம் குழாய் ஒன்றரை வருஷமா ஒழுகுது. அது வேற யாரோ வீட்டுக் குழாய்னு நினைச்சுட்டீங்களா?"

வெள்ளிக்கிழமை போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "வச்சுட்டுப் போங்க சார், திங்கக்கிழமை வாங்கிக்கலாம்" என்றார். திங்கட்கிழமை ஞாயிற்றுக்குப் பிறகு வருகிறது என்பது சீல்காரருக்கு உறுத்தியது.

"நானே மாத்திட்டா?"

"தாராளமா. வீடியோ பாத்துட்டுச் சின்னப் பசங்களே மாத்தறாங்க. கைதான் நடுங்கக் கூடாது."

"என் கை நடுங்கினதில்ல" என்று ஸ்பீக்கரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்புப் பெட்டி. ஒரு குடும்பத்தின் தகவல் தொடர்பே அதற்குள்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. போனை அணைத்து, சிம் தட்டை வெளியே எடுத்தார். பின்மூடியின் பசை இளகுவதற்காக, தன் முழங்கால் வலிக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையை அதன்மேல் வைத்தார். மூடிக்கும் உடம்புக்கும் நடுவே நுழைக்க மெல்லிய தகடு ஒன்று தேவைப்பட்டது. வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் தன் பழைய ஆபீஸ் அடையாள அட்டையை எடுத்து வந்தார். அட்டையில் இருந்த அவருடைய முகம் முதலில் உள்ளே போயிற்று. மூடி சத்தமில்லாமல் பிரிந்தது.

"பரவாயில்லையே, அந்த அட்டையால ஒரு பிரயோஜனம்" என்றாள் மனைவி, ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டே.

உள்ளே பதினோரு ஸ்க்ரூ. கழற்றக் கழற்ற, எது எங்கிருந்து வந்தது என்று மாறிவிடாமல், தன் மாத்திரை டப்பாவில் திங்கள், செவ்வாய் என்று கிழமைவாரியாகப் போட்டுக்கொண்டே வந்தார். பத்தாவது ஸ்க்ரூவில் கை நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று.

"என்ன, உள்ள பாம்பு ஏதாவது இருக்கா?"

"சீல் வச்சிருக்கான்."

மனைவி எட்டிப் பார்த்தாள். ஸ்க்ரூவின் தலைமேல் பொட்டு அளவு வெள்ளை ஸ்டிக்கர். கிழிந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்பதற்கான அடையாளம்.

"ஸ்டிக்கர்தானே. கிழிங்க."

"சீலை உடைக்கிறது குற்றம்."

"போன் யாரோடது?"

"உன்னோடது."

"அப்ப சீலும் என்னோடதுதான். தள்ளுங்க."

தையல் பிரிக்கும் கத்தியின் முனையால் ஒரு குத்து. அரை நொடி வேலை. மனைவி மறுபடியும் பேன்ட்டுக்குப் போய்விட்டாள். சீல்காரர் அந்த ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் வரவில்லை, கூரை இடியவில்லை. பத்தாவது ஸ்க்ரூ புதன்கிழமைக்குள் போய் விழுந்தது.

மற்றதெல்லாம் சுலபம். பழைய ஸ்பீக்கரை இடுக்கியால் தூக்கி, புதியதை அதே குழியில் அழுத்தி, கிழமைகளைக் காலி செய்து ஸ்க்ரூக்களை மாட்டி, ஓரமெல்லாம் பசை தடவி மூடினார். ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை. அதோடு எழுந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் வேலை முடிந்ததும் பொருளை நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பது அவருடைய பழக்கம். பார்த்தார். சார்ஜ் போடும் வாய்க்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை தனியாக இருந்தது.

"இது எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அது பாட்டுக்கு இருக்கு."

"இந்தப் பக்கம் ஆறு ஓட்டை இருக்கு, அதுல சத்தம் வரும். இது ஒண்ணு மட்டும் ஒண்டியா எதுக்கு? தூசி போறதுக்குன்னே வழி வச்சு விட்டிருக்கான். இப்படி இருந்தா ஸ்பீக்கர் போகாம என்ன செய்யும்?"

குண்டூசித் தலையில் ஒரு சொட்டுப் பசையைத் தொட்டு ஓட்டைமேல் வைத்தார். விரலால் ஒரு நசுக்கு. எட்டு மாதத்துக்குப் பிறகு வைத்த சீல். நல்ல சீல்.

போனை உயிர்ப்பித்து ரிங்டோன் போட்டுப் பார்த்தார்கள். வீடு அதிர்ந்தது. பேசிப் பார்க்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் அந்தப் பழக்கம் கொஞ்சம் குறைவு.

ஞாயிறு நான்கு மணி. சீல்காரர் முன்னறையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மனைவி, "கை வேலையா இருக்குடி" என்று ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அம்மா?" குரல் கணீரென்று வந்தது. முன்னறையில் பேப்பர் ஓர் அங்குலம் தாழ்ந்தது.

"சொல்லுடி."

"அம்மா? ஹலோ? அம்மா!"

"கேக்குதுடி, சொல்லு!"

"ஹலோ?"

வைத்துவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் ஹலோ, மறுபடியும் அம்மா. மனைவி போனை வாய்க்கு நேராகப் பிடித்துக் கத்திப் பார்த்தாள். மறுமுனைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

"நீ பேசறது எனக்குக் கேக்கலம்மா. நான் பேசறது கேக்குதோ என்னவோ. கேட்டா கேட்டுக்கோ. நேத்து தையல் பிரிச்சுட்டாங்க, ஏழு தையல். ஊசி இன்னும் ரெண்டு பாக்கி. அந்த நாயைக் குறை சொல்லாத, காதுல கத்திரி பட்டா அது என்ன பண்ணும், பாவம். விரல் ரெண்டு மட்டும் மரத்தே இருக்கும்மா. தொட்டா ஒண்ணும் தெரியல. கத்திரி பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்ல. வரும்ங்கறாரு டாக்டர். எப்ப வரும்னு சொல்ல மாட்டேங்கறாரு."

"எந்தக் கை?"

இது முன்னறையிலிருந்து வந்தது. மனைவி திரும்பினாள். சீல்காரர் பேப்பரோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுந்து வந்தது அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. முகம் வழக்கமான முகம்தான்.

"எந்தக் கை?" என்றார் மறுபடியும், போனைப் பார்த்து.

"சரிம்மா, லைன் சரியில்ல. வைக்கிறேன்" என்றது போன். வைத்துவிட்டது.

சீல்காரர் போனை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். ஊசிமுனை ஓட்டைமேல் பசை கண்ணாடி மாதிரி காய்ந்து, வழவழவென்று, குறை சொல்ல முடியாதபடி இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. கம்பெனிக்காரன் அந்த ஓட்டையை எதற்கு வைத்தான் என்பது இப்போது விளங்கியது.

"எந்தக் கைன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றார் மனைவியிடம்.

"தெரியும்."

"சொல்லேன்."

"அவகிட்டயே கேளுங்க."

மனைவி மிஷின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். ஓட்டவில்லை. சீல்காரர் சட்டைப்பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்தார். மூன்று வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால் அதிலிருந்து அழித்த எண்ணை, எங்கேயும் பார்க்காமல், எங்கேயும் நிற்காமல், கடைசி இலக்கம் வரை அழுத்தினார். கை நடுங்கவில்லை. ஒரு முறை அடித்தது. இரண்டாவது முறை அடித்தது.

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது. அப்புறம், "அப்பா?"

"அம்மா போன்ல பேசற ஓட்டை அடைஞ்சிருக்கு" என்றார் சீல்காரர், நோட்டீஸ் வாசிக்கிற குரலில். "நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சு."

மறுமுனையில் நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.

"எந்தக் கை?" என்றார்.